கிரேன்காரர் செய்த ராக்கெட்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் துணி நனைந்ததே கிடையாது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கில் எல்லார் துணியும் மொட்டை மாடிக் கொடியில்தான் காயும். தூறல் விழுந்தால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடுவார்கள். நான் அதற்குள் எடுத்து மடித்து பீரோவில் வைத்திருப்பேன். எனக்கு ஏதோ வாக்கு பலிக்கிறது என்று கீழ்வீட்டு அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வாக்கும் இல்லை, வசியமும் இல்லை. என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து கண்டெய்னர் தூக்கும் பெரிய கிரேன். அதன் கேபின் இருக்கும் உயரத்தில் உட்கார்ந்தால் வடக்கே எண்ணூர் புகைபோக்கிகள் வரைக்கும் தெரியுமாம். அந்தப் பக்கம் மேகம் திரண்டால் டீ குடிக்கிற இடைவேளையில் எனக்கு போன் வரும். சாப்பிட்டாயா, என்ன செய்கிறாய் என்று எதுவும் இருக்காது. "கொடில துணி கீதா? எட்த்துடு." அவ்வளவுதான், வைத்துவிடுவார். கல்யாணமான புதிதில் இது என்ன மனுஷன் என்று கோபப்பட்டிருக்கிறேன். பிறகு அந்த ஒரு வரியில்தான் அவர் என்னைக் கொஞ்சுகிறார் என்று புரிந்தது. அதன் பிறகு துணி இல்லாத நாளிலும் "கீது" என்றுதான் சொல்வேன்.

போன வருஷம் அந்த போன் நின்றுபோனது.

ஒரு விடிகாலை பாயில் புரண்டு படுத்தவர், வீடே சுற்றுகிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனோம். காதுக்குள்ளே நம்மை நிமிர்த்தி வைக்கிற சின்னத் துகள்கள் உண்டாம், அவை இடம் மாறிவிட்டன என்றார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் படுக்க வைத்துச் சரி செய்தார். சில வாரங்களில் சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் சுற்றலைப் பற்றிய பயம் நிற்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் மறுபடி வந்துவிடும் என்று அவர் மனசுக்குள் ஒரு ஆணி இறங்கிவிட்டது.

ஹார்பரில் அவரைத் தரையில் இறக்கிவிட்டார்கள். வாசலில் நின்று வருகிற போகிற கண்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கிற வேலை. மறுபடி மேலே போக வேண்டுமானால் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். அவர் அதற்குப் போகாமல் தள்ளிக்கொண்டே வந்தார். கிரேன் ஏறுவதற்கு முதல் படி, ஏணியை அண்ணாந்து பார்ப்பது. அதையே செய்யாத மனுஷன் எந்த முகத்தோடு டாக்டர் முன்னால் போய் நிற்பார்?

அண்ணாந்து பார்க்காமல் ஒரு ஆள் எப்படி வாழ்கிறார் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பஸ் வந்தால் நம்பர் பலகையைப் பார்க்க மாட்டார், என்னைக் கேட்பார். மின்விசிறி துடைப்பது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. மொட்டை மாடிக்கு வந்தால் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பார். வானத்தில் வாழ்ந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண எனக்குப் பொறுக்காது. என் சுபாவம், பொறுக்காவிட்டால் வாய் திட்டும். நிறையத் திட்டினேன்.

டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். கட்டைவிரலை முன்னால் நீட்டி, அதை மெல்ல மேலே உயர்த்தி, கண்ணும் தலையும் கூடவே போக வேண்டும். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் கையை மடக்கி வைத்துவிட்டார். "எம்மா நேரம் என் வெரலையே பாத்துகினு குந்திகினு இருப்பேன்? பாக்குறதுக்கு எதுனா இருந்தா பாப்பேன்."

சரி, பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்து தருகிறேன் என்று எனக்கு வீறாப்பு வந்துவிட்டது.

நான் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புகிறேன். வண்டி வந்து நின்றதும் குழாயை இழுத்துப் போய் ஒவ்வொரு பெட்டியாக மாட்ட வேண்டும். இணைப்பு சரியாக உட்காரவில்லை என்றால் குழாய் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அடித்தால் ஆளைத் தள்ளிவிடும். தண்ணீருக்கு அடக்கி வைத்தால் எவ்வளவு கோபம் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சுபாவம். அதனால்தான் போனில் பாட்டில் ராக்கெட் வீடியோ ஒன்றைப் பார்த்ததும் மனசில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், மிச்சத்துக்கு சைக்கிள் பம்பில் அடித்த காற்று. பிடியை விட்டால் தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே போகும். நெருப்பு இல்லை, மருந்து இல்லை. எண்ணெய் டாங்கியும் கேஸ் குழாயும் ஓடுகிற எங்கள் பக்கத்தில் நெருப்பு வைத்து எதையும் மேலே அனுப்ப எனக்குத் துணிவு கிடையாது.

ரயிலில் விட்டுப் போகும் குடிதண்ணீர் பாட்டில் இதற்கு ஆகாது, காற்று அடித்தால் உப்பி வெடித்துவிடும். கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான் கேஸைத் தாங்கி நிற்கும். கீழ்வீட்டு அக்கா மகளின் வளைகாப்பில் மிஞ்சிய பெரிய பாட்டில்களைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு பலகையில் குழாயும் சைக்கிள் வால்வும் பொருத்தி, பாட்டில் கழுத்தைக் கவ்வுகிற ஒரு பிடி வைத்து, பிடியில் கயிறு கட்டினேன். ஒழுகாமல் குழாய் இணைப்பது என் பிழைப்பு, அதில் குறை சொல்ல முடியாது. விளம்பரப் பலகை செய்கிற பிளாஸ்டிக் அட்டையில் மூன்று தட்டை இறக்கை வெட்டி ஒட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிளப்பிக்கொண்டு பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் திட்டு உண்டு, அங்கே விட்டால் யார் தலையிலும் விழாது. ராக்கெட்டை மடியில் வைத்திருந்தேன். கொருக்குப்பேட்டையில் காசிமேட்டு மீனோடு ஏறிய ஒரு அம்மா கூட்டத்தில் தடுமாறி, கூடையை அப்படியே என் மடியில் இறக்கிவிட்டார். மூன்று இறக்கையும் சடசடவென்று ஒடிந்தன. அந்த அம்மா, "சொரக்கா மாதிரி மடியில வச்சிகினு இருந்தா நான் இன்னா கண்டேன்" என்று எனக்கே ஒரு திட்டு வைத்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் சிரித்தார். பல மாதமாக நான் கேட்காத சிரிப்பு. ஒடிந்த இறக்கையைக் கையில் எடுத்துப் பார்த்து, "பேக்கிங் சரியில்லமே. ரெக்கைய நீட்டிகினு வர்ற சரக்க எந்தப் பெட்டியில அடுக்குவ?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். திருவொற்றியூரிலேயே இறங்கி, எதிர் வண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த வாரம் முழுவதும் அவர் போனும் கையுமாக இருந்தார். எந்தச் சரக்காக இருந்தாலும் அது பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது ஹார்பர்காரர்களின் மதம். மடக்கி வைக்கிற ராக்கெட் உலகத்தில் இல்லாமலா போகும் என்று தேடியிருக்கிறார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை எழுப்பி ஒரு படம் காட்டினார். "மே, இத்த பாரு. ரெக்கை ஒடம்போட ஒட்டிகினு கீது."

ஏதோ ஒரு நாட்டு ராணுவத்தின் ராக்கெட். குழாய்க்குள் வைத்து அனுப்புவது. குழாய்க்குள் அடங்க வேண்டும் என்பதால் நான்கு இறக்கையையும் உடம்பின் வளைவுக்கே வளைத்துச் செய்திருந்தார்கள். உள்ளே இருக்கும்போது உடம்பைச் சுற்றிப் படிந்திருக்கும், வெளியே வந்ததும் விரிந்துகொள்ளும். அது எங்கே போய் விழும் என்பதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. எங்களுக்கு அந்த இறக்கை மட்டும் போதுமாக இருந்தது.

செய்தால் அதே மாதிரி அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். நிஜ ராக்கெட்டின் பருமனை எங்கள் பாட்டிலின் பருமனால் வகுத்து, வந்த எண்ணால் மற்ற எல்லா அளவையும் வகுத்தார். அந்தக் கணக்குப்படி ராக்கெட் என் இடுப்பு உயரம் வந்தது. அடியில் இருந்த பாட்டிலில்தான் தண்ணீரும் காற்றும். அதற்கு மேலே கழுத்தும் அடியும் வெட்டிய வெறும் பாட்டில்களை ஒன்றோடொன்று செருகி, உச்சியில் சார்ட் பேப்பரைச் சுருட்டி மூக்கு வைத்தோம். கண்டெய்னர் கதவில் இருப்பதுபோல மொத்த எடை, வெற்று எடை என்று அதன் வயிற்றில் அழகாக எழுதினார். எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை, சொன்னால் எழுந்து போய்விடுவார்.

இறக்கைக்கு என்ன செய்வது என்று வந்தபோது அவரே கண்டுபிடித்தார். குளியலறைக் கழிவுநீருக்குப் போடுகிற நாலு இஞ்ச் பைப்பும் பெரிய பாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே பருமன். பைப்பில் நான்கு துண்டு அறுத்து பாட்டில்மேல் வைத்தால் தோல் மாதிரிப் படிந்தன. நான்கும் ஒரே பக்கம் வளைகிற மாதிரி, ஒவ்வொன்றின் ஒரு ஓரத்தைத் துணி டேப்பால் கீல் போட்டு, உள்ளே ரப்பர் பேண்ட் கட்டினோம். மடக்கி என் தலைமுடி பேண்டை மாட்டினால் அடங்கிக் கிடக்கும். பேண்டைக் கழற்றினால் நான்கும் படக்கென்று விரியும். அதை மடக்குவதும் விரிப்பதுமாக ஒரு மாலை முழுவதும் விளையாடினார். வீட்டில் நாங்கள் விளக்கேற்றிக் கும்பிடுகிற புத்தர் சிலைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்தோம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இது என்ன புது விளக்கா என்று கேட்டார்கள்.

பைப் துண்டு கனமாயிற்றே என்று நான் கேட்டேன். வால் இவ்வளவு கனமாக இருந்தால் எப்படிப் போகும்? அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடி கனமா இருந்தாத்தான் ஆடாது. இத்தினி வருசமா பெட்டி தூக்குறேன், எனக்குத் தெரியாதா?" கொக்கியில் மாட்டிய கண்டெய்னரில் கனமெல்லாம் கீழே இருந்தால் ஆடாமல் வரும், மேலே இருந்தால் தலைகுப்புற ஆட்டம் காட்டும் என்று விளக்கினார். போதாததற்கு, காசிமேட்டில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி வந்து வால் பக்கத்தில் வேறு கட்டினார். எனக்கு மறுத்துப் பேச விஷயம் தெரியாது. அதைவிட, அவர் ஒரு விஷயத்தில் இவ்வளவு அடித்துப் பேசிக் கேட்டு நாளாயிற்று. அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு, இறக்கையை மடக்கிய ராக்கெட் கட்டைப்பைக்குள் நின்றபடி பயணம் வந்தது. மீன் கூடை, காய் மூட்டை எல்லாம் உரசின, ஒன்றும் ஆகவில்லை. எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முகத்துவாரம் போனோம். ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கி, ஒரு பக்கம் கடல், நடுவில் கழிமுகத்து மணல். கொஞ்சம் தள்ளி ஒரு மீனவ அண்ணன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பலகையை மணலில் புதைத்தேன், தண்ணீர் ஊற்றினேன். அவர் குனிந்து பம்ப் அடித்தார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டார். நான் கயிற்றை இழுத்தேன்.

கிளம்பிய வேகம் என்னவோ பிரமாதம்தான். ஒரு பனை உயரம்கூடப் போகவில்லை. அதற்குள் வால் முன்னால் வந்து, மூக்கு பின்னால் போய், குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே பக்கவாட்டில் பறந்து, வலையின் நடுவில் போய் விழுந்தது. மீனவ அண்ணன் எழுந்து நின்று நல்ல வார்த்தையாக நாலு சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டு வலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் இன்னும் கால் விரலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "இன்னா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

இத்தனை நாள் உட்கார்ந்து தன் கையால் செய்தது. அது பறந்ததையும் பார்க்கவில்லை, விழுந்ததையும் பார்க்கவில்லை. யாருக்காக இந்தக் கூத்து என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. குட்டிக்கரணம் போட்டது என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு ராக்கெட் விழுந்தது வருத்தமில்லை, தன் கணக்கு விழுந்ததுதான் பொறுக்கவில்லை. எங்கெங்கோ தேடி ஒரு சோதனையைக் கண்டுபிடித்து வந்தார். ராக்கெட்டின் எடை சமமாக நிற்கும் இடத்தில் கயிறு கட்டி, தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் போனால் மேலேயும் அப்படியே போகும். வால் முன்னால் வந்தால் மேலேயும் குட்டிக்கரணம்தான். சுழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் சுழல்வதைத்தான் அவரால் பார்க்க முடியாது.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனோம். அவர் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் சுழற்றினேன். வால்தான் முன்னால் போனது, சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, கிரேனில் மேலேயிருந்து கொக்கி தூக்குகிறது, இதில் மேலேயிருந்து தூக்க யாருமில்லை, காற்றுதான் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படியென்றால் கனம் முன்னால் போக வேண்டும். அத்தனை வருஷக் கிரேன் அறிவைத் தலைகீழாகத் திருப்புவது அவருக்குக் கசந்தது. முகத்தில் தெரிந்தது.

பைப் இறக்கைகளைக் கழற்றிப் போட்டோம். அதே வளைவு பாட்டிலிலேயே இருக்கிறதே என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இன்னொரு பாட்டிலின் வயிற்றை அறுத்து, இரண்டிரண்டாக ஒட்டித் தடித்த இறக்கை செய்தோம். பைப்பின் எடையில் பாதிகூட இல்லை. ஈயக்குண்டுகளை மூக்குக்குள் வைத்து அடைத்தார். மறுபடி மாடி, மறுபடி கயிறு, மறுபடி அவர் மூடிய கண். சுழற்றினேன். மூக்கு முன்னால் போனது. சொன்னேன்.

அவர் நம்பவில்லை. நான் சும்மா அவரைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். மறுபடி சுழற்றச் சொன்னார். சுழற்றினேன், சத்தியம் செய்தேன். பிறகு ஒரு கையால் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால், "ஆமா, மூக்கு" என்றார். அன்று ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

மூன்றாவது முறை கிளம்புவதற்கு முதல் நாள் அவருக்குப் புதுக் கவலை. நான்கு இறக்கையும் ஒரே பக்கம் வளைந்திருப்பதால், இது நேராகப் போனாலும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டேதான் போகும். இந்த மாதிரி இறக்கையின் குணமே அதுதானாம். சுற்றுகிற பொருளை அண்ணாந்து பார்த்தால் என்ன ஆவது? வேறு ஒரு நாள் போகலாமா என்று இழுத்தார். நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"சுத்தப் போறது அது. நீ இல்ல."

அவர் விடிந்ததும் என்னைவிட முன்னால் எழுந்து கட்டைப்பையை எடுத்து வாசலில் வைத்திருந்தார்.

முகத்துவாரத்தில் அதே மீனவ அண்ணன் இருந்தார். எங்களைப் பார்த்ததும் வலையைச் சுருட்டிக் கொஞ்சம் தூரம் எடுத்துப் போய் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். காற்று கடலிலிருந்து மெல்ல அடித்தது. நான் தலைமுடி பேண்டைக் கழற்றினேன், நான்கு இறக்கையும் விரிந்துகொண்டன. அவர் பம்ப் அடித்து முடித்து நிமிர்ந்தார். வழக்கம்போல என் தோளில் கை வைத்தார்.

ஆனால் இந்த முறை கயிற்றை உடனே இழுக்க விடவில்லை. சைகை கொடுத்தால்தான் இழுக்க வேண்டும் என்றார். கிரேனில் மேலே இருப்பவனுக்குக் கீழே கத்துவது எதுவும் கேட்காது. தரையில் நிற்கிற சைகைக்காரர் கையைக் காட்டினால்தான் அவன் பெட்டியை அசைப்பான். காட்டாமல் அசைத்தால் வேலை போய்விடும். இத்தனை வருஷம் அந்தச் சைகைக்காகக் காத்திருந்தவர், முதல் முறையாகத் தரையில் நின்று தானே கொடுக்கிறார். முழங்கையை மடித்து மற்றக் கையை உயர்த்தினார். ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டி, சின்னதாக வட்டம் சுற்றினார். தூக்கு என்று அர்த்தம்.

இழுத்தேன்.

தண்ணீர் எங்கள் இரண்டு பேர் மேலும் தெறித்தது. ராக்கெட் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. சுற்றியது, நன்றாகவே சுற்றியது. வயிற்றில் எழுதிய எழுத்தெல்லாம் கலந்து ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தது. மேலே போகப் போக பல்லி அளவு, பிறகு ஒரு புள்ளி. நான் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். என் தோளில் கனம் குறைந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

கை என் தோளில் இல்லை. வானத்துக்கு நீட்டிய விரல் இன்னும் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. விரலுக்குப் பின்னால் கண், கண்ணுக்குப் பின்னால் தலை, தலைக்குப் பின்னால் முதுகு கொஞ்சம் வளைந்து, முழுசாக அண்ணாந்து நின்றார். ஒரு காலைக்கூட அகட்டி வைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. உச்சியில் அது ஒரு கணம் நின்று மூக்கைத் திருப்பியதும், அவர் விரலும் வட்டம் போடுவதை நிறுத்தி உள்ளங்கையாக விரிந்து, மெல்லக் கீழே இறங்கியது. இறக்கு என்பதற்கான சைகை. ராக்கெட் அதற்குக் கட்டுப்பட்டதுபோல இறங்கி வந்து, ஈர மணலில் மூக்கைச் செருகி, இறக்கை மேலே தெரிய நின்றது. மீனவ அண்ணன் கை தட்டினார்.

எனக்கு மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது. நீ அண்ணாந்து பார்த்துவிட்டாய் என்று சொன்னால் அந்தக் கணமே உடைந்துவிடும் என்று தோன்றியது.

அடுத்த மாதம் மருத்துவச் சோதனைக்குப் போனார். தேறினார், இப்போது கேபினில்தான் இருக்கிறார். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது எனக்குப் பதற்றமே இல்லை. என் கணக்கில் அந்தச் சோதனை எண்ணூர் மணலிலேயே முடிந்துபோன விஷயம்.

அங்கே நடந்ததில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ராக்கெட்டை மணலிலிருந்து பிடுங்கி, ஒட்டிய மணலைத் தட்டி, இறக்கையை மடக்கிக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். பார்க்க ராக்கெட் இல்லாதபோதும் தலை இறங்கவில்லை. புகைபோக்கிகளைத் தாண்டி, பழவேற்காட்டுப் பக்கம் எதையோ நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"வடக்கால கருத்துகினு வருதுமே. கொடில துணி கீதா?"

கிளம்புவதற்கு முன் துவைத்துப் போட்ட துணி கொடி நிறையக் கிடந்தது. நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் அவ்வளவும் நனைந்துவிடும். "இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே மணலில் உட்கார்ந்துகொண்டேன்.